கடைசி வரிக்கு ஒரு கைதட்டல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த ஒலிப்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அக்கா ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பவள். வாசிப்பில் பிழை வந்தால் ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வரியை மறுபடி வாசிப்பாள். பிறகு ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுகிறவருக்குப் பிழை வந்த இடம் தெரிய வேண்டுமே. வீட்டில் நான் சத்தமாகப் படித்தாலும் அதே கதைதான். தடுமாறினால், டப். திட்டமாட்டாள்.

அவள் இறந்த பிறகு, அவள் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த பேய்க்கதையை அவளுக்குப் பதில் வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. வேறொரு மொழியில் நூறு வருடங்களுக்கு முன்னால் எழுதியதன் தமிழ் மொழிபெயர்ப்பு. பூட்டிய அறை, தானாக ஆடும் நாற்காலி, வாசலில் நிற்கும் பெண்... பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இதிலிருந்துதான் எடுத்தார்கள். அவர்கள் கதைகளையெல்லாம் முன்பே படித்துவிட்டதாலோ என்னவோ, எனக்குப் பயம் வரவில்லை. அப்போது எதுவுமே வரவில்லை. அழுகைகூட. "அவ போயிட்டா, மனசைத் தேத்திக்கோ" என்றார்கள். சரி என்றேன்.

ஒரு மதியம் ஒலிப்பதிவு அறையில் கதையை வாசித்து முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏம்மா, மூணு இடத்துல கை தட்டினே. திரும்பப் படிக்கவே இல்லையே?"

"நான் தட்டலையே சார்."

"பின்ன, என் மாமியாரா வந்து தட்டினாங்க?"

போட்டுக் காட்டினார். அறைக்குள் இருந்தபோது எனக்குக் கேட்காத சத்தம்.

டப்... அங்கே ஒரு சொல்லை விட்டிருந்தேன்.

டப்... அங்கே ஒரு வரியையே தாண்டியிருந்தேன்.

மூன்றாவது, கதையின் கடைசி வரியில். "அவள் போய்விட்டாள்."

டப்...

புத்தகத்தைப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. பிழையே இல்லை.

மொழிபெயர்த்தவருக்குப் போன் செய்து, கடைசி வரி சரிதானா என்று கேட்டேன்.

"உனக்கு யாரும்மா சொன்னா? முடிவு ரொம்ப பயங்கரமா இருக்குன்னு பதிப்பகத்துல மாத்தச் சொன்னாங்க. மூலத்துல அவ போகவே மாட்டா. 'அவள் இங்கேதான் இருக்கிறாள்.' அதோட கதை முடிஞ்சிடும்."

மறுநாள் அதே அறை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன்.

"அவள் இங்கேதான் இருக்கிறாள்."

காத்திருந்தேன்...

கைதட்டல் வரவில்லை.