ஒரு பல்லி, மூன்று காலண்டர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதனாலோ என்னவோ, அச்சில் இருப்பதெல்லாம் உண்மை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அச்சில் பொய் போட்டால் யாராவது பிடித்து உள்ளே தள்ளிவிட மாட்டார்களா? அந்த நம்பிக்கையைக் குழப்பியது, என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த பல்லிப் புத்தகம்.

சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து ஓசூரில் வாடகைக்கு இருந்தோம். தெருமுனையில் எஸ்டிடி பூத் இருந்த காலம். எங்கள் காம்பவுண்டில் வீட்டுக்கார அம்மா வீட்டில் தெலுங்கு, பக்கத்து போர்ஷனில் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ். மூன்று வீட்டிலும் தேதி கிழிக்கிற காலண்டர், அந்தந்த மொழியில்.

மகள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு மற்ற பிள்ளைகள் சிரிக்கும் என்பாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாகக் கை தூக்கிவிட்டாளாம். கிருஷ்ணகிரியில் போட்டியாம், கதை அல்லாத நூல் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமாம். எனக்கு அந்த வார்த்தையே பிடிபடவில்லை.

“கதை இல்லைன்னா அது பாடப்புத்தகமா பாப்பா?”

“பாடமும் இல்லப்பா.”

“ரெண்டும் இல்லைன்னா அப்புறம் என்னதான் அது?”

அவள் தூங்கினதும், போட்டிக்கென்று எடுத்துவந்த அந்தப் பல்லிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மெல்லிய புத்தகம், பெரிய படங்கள். ராஜாவும் இல்லை, கடைசியில் கேள்வி பதிலும் இல்லை. மூன்றாம் பக்கத்தில், ‘உங்கள் வீட்டுப் பல்லி இப்போது என்ன செய்கிறது? எழுந்து போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்’ என்று இருந்தது. நான் படித்த காலத்தில் எந்தப் புத்தகமும் என்னை எழுந்து போகச் சொன்னதில்லை. உட்கார் என்றுதான் சொல்வார்கள். போகாமல் பக்கத்தைத் திருப்பினால் தப்போ என்று பயந்து, எழுந்து போய்ப் பார்த்தேன். எங்கள் பல்லி காலண்டருக்குப் பின்னால் குடியிருந்தது. வால் மட்டும் வெளியே தெரிந்தது.

அடுத்த பக்கத்தில் அதன் விரல்களில் கண்ணுக்குத் தெரியாத முடிகள் இருப்பதாகவும், அதனால்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றும் போட்டிருந்தது. கண்ணுக்கே தெரியாததை எவன் பார்த்தான்? ஆனால் அச்சில் இருக்கிறதே.

போட்டி நாள் காலை. மகள் கீழே உட்கார்ந்திருக்க, என் வீட்டுக்காரி தலை பின்னிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நான் தேதியைக் கிழித்தேன். சர்ரென்ற சத்தத்தில் பல்லி மிரண்டு, நேரே மகள் தலையில் விழுந்து, ஜடை வழியாக இறங்கி ஓடியது.

உடனே காலண்டரைக் கழற்றி அட்டையின் பின்பக்கம் பார்த்தேன். பல்லி விழும் பலன். தலை: கலகம்.

“இன்னிக்குப் போக வேணாம். எதுக்கு வம்பு?” என்றேன்.

மகள் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், வேறு பலன் கிடைக்குமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் ஓடினேன். அவர் தெலுங்குக் காலண்டரை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

“ஏமப்பா, உங்க காலண்டர்ல எல்லாருக்கும் ஒண்ணா போட்டிருக்கானா? ஆம்பளைக்கு வேற, பொம்பளைக்கு வேற. பொம்பளப் பிள்ளைக்குத் தலைன்னா மரண பயம்.”

கலகமே தேவலை என்று ஆகிவிட்டது. கன்னடக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பல் துலக்கிக்கொண்டே வந்தவர், விஷயத்தைக் கேட்டுக் கன்னடக் காலண்டரைக் கழற்றிப் பார்த்தார்.

“தலே மேலா, கூதலு மேலா?”

“என்ன சார்?”

“தலையா, முடியான்னு கேக்கறேன். ஜடை பிடிச்சு இறங்கிச்சுன்னா அது தலை கணக்கு இல்ல. முடி கணக்கு. லாபம், போங்க!”

ஒரே பல்லி. கலகம், மரண பயம், லாபம். மூன்றும் அச்சில் இருந்தது. எதை வைத்து முடிவு செய்வது என்று வாசலில் நின்றுவிட்டேன்.

“மூணு வீட்டையும் கேட்டாச்சு,” என்றாள் வீட்டுக்காரி உள்ளேயிருந்து. “பல்லியையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

மகள் சொன்னாள்: “நான் போகலைன்னா, பயந்துகிட்டு வரலைன்னு சொல்லுவாங்கப்பா. அப்புறம் நான் கிளாஸ்ல பேசவே மாட்டேன்.”

அது எனக்கு மரண பயத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது. கம்பெனிக்கு லீவ் சொல்லிவிட்டு நானே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் எந்த ஜன்னல் பக்கம் உட்கார வைப்பது என்பதிலேயே சூளகிரி வந்துவிட்டது.

போட்டி நடந்த ஹாலில் நடுவர்களாக ஒரு சார், ஒரு மேடம். பெற்றோர்கள் பின்வரிசையில். மகள் மேடை ஏறினாள். மனப்பாடம் செய்த வணக்கத்தை விட்டுவிட்டு, “இன்னிக்குக் காலையில என் தலை மேல ஒரு பல்லி விழுந்துச்சு” என்று ஆரம்பித்தாள்.

“ஐயய்யோ!” என்றது பிள்ளைகள் கூட்டம்.

“தலையில எந்தப் பக்கம்மா?” என்றார் சார்.

“பிள்ளையைப் பேச விடுங்க சார். எந்தப் பக்கமா இருந்தாலும் தலைன்னா கலகம்தான்.”

“அது எப்படி மேடம்? எங்க வீட்டுக் காலண்டர்ல இடம் வலம் பிரிச்சுப் போட்டிருக்கே!”

“எந்தக் கடைக் காலண்டர் சார் அது?”

எனக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா, “பாப்பா தலைக்குக் குளிச்சுட்டு வந்துச்சா?” என்று கேட்டார். ஆளாளுக்குப் பேச, ஹால் சந்தைக்கடை ஆனது. மகள் மைக்கின் முன் வாயை மூடி நின்றாள். முடிந்தது, இனி இவள் வாயே திறக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கையைத் தூக்கி, “எல்லாரும் மேல பாருங்க” என்றாள்.

பார்த்தார்கள். ட்யூப்லைட் ஓரத்தில் ஒரு பல்லி.

“அது இப்ப என்ன பண்ணுது? நல்லா பார்த்துட்டு வாங்க. அடுத்ததைச் சொல்றேன்.”

சாரும் மேடமும்கூட அண்ணாந்தே இருந்தார்கள். சத்தமே இல்லை. பிறகு அவள் விரல் முடிகளைப் பற்றிப் பேசினாள். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினாள். யாரும் சிரிக்கவில்லை.

முதல் பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. திரும்பி வரும்போது மகள் வாய் ஓயவில்லை. எனக்குத்தான் மனசு நிலைகொள்ளவில்லை.

“பாப்பா, காலண்டர்ல கலகம்னு போட்டிருந்துச்சே. அந்த சாரும் மேடமும் சண்டை போட்டாங்கல்ல? அப்ப அது பலிச்சுடுச்சே?”

“அந்தக் கலகம் பல்லியால வரலப்பா. காலண்டரால வந்துச்சு.”

அது எப்படி என்று ஓசூர் வரும்வரை யோசித்தேன். புரிந்த மாதிரி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் புரியாமல் போனது.

மறுநாள் தேதி கிழிக்கப் போனேன். காலண்டருக்குப் பின்னால் வால் நீட்டிக்கொண்டிருந்தது. கிழித்தால் இந்தத் தடவை என் தலையில்தான் விழும். எங்கள் காலண்டரிலும் ஆம்பளைத் தலைக்குத் தனிப் பலன் போட்டிருக்கிறதா என்று பார்க்கக் காலண்டரைத் திருப்ப வேண்டும். திருப்பினால் கண்டிப்பாக விழும். புத்தகத்தைக் கேட்கலாமென்றால் அவள் பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் முந்தின நாள் தேதிதான்.