பேருந்துச் சக்கரத்தில் நான்கு எலுமிச்சம்பழம்

மகன் படித்த கல்லூரியின் மைதான வாசலில் ஒரு வெள்ளைக்காரர் கார் டிக்கியைத் திறந்துவைத்து, மளிகைக்கடைக் காகிதப் பையில் கத்தரிக்கோலால் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை விளையாடுவதற்காக இருக்கும் என்று சிரித்துவைத்தேன். அவரோ அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். உள்ளே போனால் வரிசை வரிசையாகப் பைத் தலைகள். தங்கள் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறதாம், முகத்தைக் காட்ட வெட்கமாம். வெட்கமாக இருந்தால் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? டிக்கெட் எடுத்து வந்து, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் முன்னால் மூஞ்சியை மூடிக்கொண்டு உட்காருவது என்ன மரியாதை? ஈரோட்டில் நான் படித்த பாலிடெக்னிக் வாலிபால் அணியும் வருடா வருடம் தோற்றது. நாங்கள் நடுவரை அடிக்கப் போவோம், அது வேறு விஷயம். ஆனால் ஆடியவனை யாரும் அவமானப்படுத்தியதில்லை. தோற்றவனுக்குத்தான் முதல் பரோட்டா.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே காலால் உதைத்து அனுப்ப மட்டும் தனியாக ஓர் ஆள் உண்டு. சரியாக உதைத்தால் அவனை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், தவறவிட்டால் ஊரே கண்டுகொள்ளும். 2004இல் அந்த ஆள் என் மகன் கார்த்திக். அந்தப் பருவத்தில் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒன்றே ஒன்று ஜெயிக்கிற மாதிரி வந்தது. அதில் கடைசி நிமிடத்தில் இவன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அதன்பின் அவன் வீட்டுக்கு போன் பண்ணுவதையே குறைத்துக்கொண்டான்.

என் மனைவி செல்வி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, பையனுக்குக் கண்ணு பட்டிருக்குதுங்க. அந்த பஸ் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கோணும்" என்றாள். புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறோமே, அதேதான். காற்றில் வளைந்த பந்துக்குக் கண் என்ன செய்யும் என்று கிண்டல் செய்தேன். செய்தேனே தவிர, கடைசி ஆட்டத்துக்கு அணி வெளியூர் கிளம்பிய சனிக்கிழமை காலை, ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கிய நான்கு பழங்களோடு, செல்வியையும் ஏற்றிக்கொண்டு, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போனது நான்தான். எண்ணெய்க் குழாய் டிசைன் பண்ணும் இன்ஜினியர். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாவது பழத்தை வைத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் பார்த்துவிட்டார். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பேருந்துக்கு அடியில் கறுத்த மனிதன் ஒருவன் குனிந்து எதையோ வைத்தால் அவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. போலீஸ் வந்தது. உள்ளே ஏறியிருந்த பிள்ளைகளை எல்லாம் இறக்கி வேலிக்கு அந்தப்பக்கம் துரத்தினார்கள். என் இரண்டு கைகளையும் பேருந்தின் மேல் வைக்கச் சொன்னார்கள். லெமன், குட் லக் என்று நான் சொல்லச் சொல்ல, அதிகாரியின் முகம் இறுகியது. பூட்ஸ் காலால் பழத்தை உருட்டிப் பார்த்தார். சாமி பேரைச் சொல்லி வைத்த பழம். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

கோச் அனுப்பி கார்த்திக் வந்தான். என்னைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்து அவன் சொன்னான்: "தே ஆர் ஃப்ரம் இந்தியா, சார். தே டோன்ட் நோ."

அதிகாரி சிரித்துவிட்டார். கையை எடுக்கலாம் என்றார். அந்தச் சிரிப்புக்கு விலங்கே தேவலை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஒன்றும் தெரியாதவர்கள். என் அப்பா என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அவன் சின்ன வயதில் புல்தரையில் பந்தை உதைக்க உதைக்க, வெயிலில் ஓடி ஓடிப் பொறுக்கி வந்து போட்டவன் நான். அதிகாரி மேல் வராத கோபம் பெற்ற பிள்ளை மேல் வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று காரைக் கிளப்பினேன். "நீங்க வேணா போங்க. எம்பையன் ஆடறத நான் பாக்கோணும்" என்றாள் செல்வி. பேருந்துக்குப் பின்னாலேயே போனோம்.

வெளியூர் மைதானத்தில் எங்கள் அணிக்கு ஒதுக்கிய பகுதியில் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். நானும் கல்லூரியின் சிவப்பு டீ ஷர்ட் போட்டிருந்தேன். ஆட்டத்தின் கடைசிக் கால் பாகத்தில் கார்த்திக் உதைத்தான். பந்து இடப்பக்கம் விலகிப் போனது. எங்களுக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து, என்னுடையதைப் போலவே சிவப்பு டீ ஷர்ட் போட்ட ஒருவர், அவனை இந்தியாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று கத்தினார். நாலு பேர் சிரித்தார்கள். எழுந்து திரும்பி நின்று கத்தினேன்.

"ஹி வாஸ் பார்ன் இன் ஹூஸ்டன். ஹி இஸ் மை சன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சண்டைக் குரலில்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னார்: "தென் யூ கோ ஹோம்."

செல்வி சட்டையைப் பிடித்து இழுத்தாள், உட்காருங்க என்றாள். கீழே கார்த்திக் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கை காட்டவில்லை. என் பிள்ளை அங்கே நிற்கும்போது நான் எந்த வீட்டுக்குப் போவது? ஆட்டம் முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. பின்னாலிருந்தவர் மறைக்கிறது, மறைக்கிறது என்று கத்தினார். அத்தனை நிமிடமும் நின்றுகொண்டே பார்த்தேன்.