ரப்பர் பட்டி போட்ட ஃபோன்

அக்காவின் மேசையில் ஒரு பழைய ஃபோன் கிடக்கும். மூலை உடைந்தது, பின்மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் பட்டி போட்டது. கண்டி நகரத்தில் நாங்கள் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தில் என் பக்கத்துக் கதிரை அவருக்கு. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், வாய் மட்டும் இருபது வயது மூத்தது.

ஃபோன் அவர் வீட்டுக்காரர் முன்பு வைத்திருந்தது. கம்பளைச் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அத்தானுக்குச் சீனி வருத்தம் முற்றிப் பார்வை மங்கிவிட்டது. வாடிக்கைக்காரர்கள் எழுதி அனுப்பும் சாமான் விபரத்தை யாரும் திருத்தம் எழுதி அனுப்பக்கூடிய ஒரு திறமூலச் செயலிதான் அவருக்கு வாசித்துக் காட்டும். நடுவில் இன்னொரு செய்தி வந்தால் போதும், அந்தச் சனியன் பழையபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். காலை வியாபாரத்தில் அது உருப்படுமா? "கடையைக் குடுத்துட்டு வீட்டோட இருந்துர்றேன்" என்று அத்தான் சொன்ன மறுநாளே, செயலியைத் தானே திருத்துவதென்று அக்கா அந்த ஃபோனோடு வந்து உட்கார்ந்தார்.

பல வாரம் மெனக்கெட்டு, திருத்தம் முழுவதையும் எழுதி, செயலியைப் பராமரிக்கும் குழுவுக்கு ஒரே மூட்டையாக அனுப்பினார். இவ்வளவையும் சரிபார்க்க முடியாது, சின்னச் சின்னதாகத் தாருங்கள் என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ மூட்டையை அவிழ்த்தார். ஒரு துண்டை மட்டும் எடுத்து, இது சோதனைதான், பிழை இருக்கும், சொல்லுங்கள் என்று எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டார்.

எங்கள் மேலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை முழுதாக முடியாமல் வாயே திறக்கக்கூடாது என்பது எங்கள் அலுவலகப் பழக்கம்.

"பிழைன்னு தெரிஞ்சே யாராச்சும் வெளிய காட்டுவாங்களா?"

"கறி கொதிக்கிறப்பதான் சார் உப்புப் பாக்கணும். எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சப்பறம் பாத்து என்ன செய்ய?"

உப்புப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். முகம் தெரியாத ஒருவர், உங்கள் திருத்தம் புதுச் செய்தியை விழுங்கிவிடுகிறதே என்று சுட்டிக்காட்டினார். அது அப்படியே கடைக்குப் போயிருந்தால் யாருடைய அரிசியோ விடுபட்டிருக்கும். அக்கா திருத்தினார், மறுபடி போட்டார், மறுபடி குட்டு வாங்கினார். மாலையில் கம்பளை பஸ்ஸில் ஃபோன் போகும். காலையில் அத்தானின் முறைப்பாடுகளோடு திரும்பும். "விடுவேனா நானு?" என்பார், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டே. கடைசித் துண்டும் ஏற்கப்பட்டபோது நான்தான் அழுதேன், அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அத்தான் கடையைக் கொடுக்கவில்லை.

வேறு வேலைக்குப் போகும்போது அந்த ஃபோனை அக்கா என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதே செயலிக்கு இப்போது நானும் சின்னச் சின்னத் திருத்தங்கள் எழுதுகிறேன். இன்று காலை, அரைகுறையாக நின்ற ஒன்றை அந்த ஃபோனில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் வாசித்தது. ஆனாலும் வெளியில் போடக் கை கூசியது. கூசட்டும் என்று போட்டேன். முதல் கருத்து கம்பளையிலிருந்து அத்தானின் குரலாக வந்தது, பின்னால் தராசுச் சத்தமும் ஆட்களின் இரைச்சலுமாக.

"தங்கச்சி, மூணாவது சாமானோட நின்னுருது. பாத்துச் சரி பண்ணி அனுப்பு. நாளைக்கும் கடை தொறக்கணும்ல."

ரப்பர் பட்டியை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டு, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தேன்.