மஞ்சள் சட்டையில் மொய்த்த பூச்சிகள்

சொனோரா ஆற்றங்கரை ஊர்களில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் திபுர்சியோவின் பேண்டு கோஷ்டிதான். அதில் டூபா ஊதுகிறவர் நபோர். மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொள்ளும் அந்தப் பித்தளையை மாட்டிவிடவும் கழற்றிவிடவும் அவருக்கு ஒரு ஆள் வேண்டும். வாட்டசாட்டமான மனுஷர்தான். ஆனால் தேனீ சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த மே மாதம் கோஷ்டிக்குப் புதுச் சட்டை எடுத்தார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். செபெரினா மகள் கல்யாணத்தில் இரண்டாவது பாட்டு தொடங்கியதுதான் தாமதம், கறுப்பு உடம்பில் மஞ்சள் கோடு போட்ட பூச்சிகள் கும்பலாக வந்து சட்டைகளில் உட்கார்ந்தன.

"குளவிடா! ஓடுங்கடா!" என்று திபுர்சியோ கிளாரினெட்டைப் போட்டுவிட்டு மேசைக்கடியில் புகுந்தார். டிரம்காரர் மணப்பெண்ணின் முக்காட்டுக்குள் தலையை விட்டார். நபோரும் ஓடத்தான் பார்த்தார்; டூபாவைக் கழற்றிவிட வேண்டிய ஆள் அதற்குள் வேலி தாண்டியிருந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பயத்தில் முட்டிய மூச்சையெல்லாம் குழலுக்குள் ஊதினார். பாம், பாம், பாம்.

கண்ணைத் திறந்தபோது ஒன்றும் கொட்டியிருக்கவில்லை. மூக்கு நுனியில் இருந்ததைத் தட்டினார். அது காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி உள்ளங்கையில் விழுந்தது. முதுகு ஓடு தகரம் போல மினுங்கியது. அட, வண்டு! அந்த முதுகு ஓட்டைத் திறக்காமலே பறப்பதால்தான் குளவி போலத் தெரிந்திருக்கிறது. சட்டையைப் பூ என்று நம்பி மகரந்தம் தின்ன வந்திருக்கிறது, பாவம்.

"அண்ணே, நீங்க மனுஷனே இல்ல, சிங்கம்!" என்று திபுர்சியோ மேசைக்கடியிலிருந்தே சொன்னார். நபோர் மறுக்கவில்லை.

மறுவாரம் மனைவி கிரிசாந்தா அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். காய்ந்த மெஸ்கீட் முள்மர விறகில் பொத்தல் பொத்தலாக ஓட்டை. ஒன்றிலிருந்து ஒரு வண்டு தலையை நீட்டியது.

"விறக வெட்டுங்க, வெட்டுங்கன்னு ரெண்டு வருஷமா அடிச்சுக்கிட்டேன். உள்ளேயே புழுவாக் கெடந்து மரத்தத் தின்னு வளந்து, கல்யாணத்துக்குக் கெளம்பிருச்சு உங்க பரிவாரம்!"

"மெதுவாப் பேசுடி. ஊர்ல பேரு கெட்டுடும்."

கெடவில்லை, அதுதான் வினை. பாதிரியாரே வீடு தேடி வந்தார். "மணிக்கூண்டுல குளவி கூடு கட்டியிருக்கு நபோர். உங்கள விட்டா ஆளில்ல."

அதுவும் நம் வீட்டு வண்டாகத்தான் இருக்கும் என்று நபோர் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி ஏறினார். சீட்டி பாதியில் நின்றது. ஏறியதைவிடப் பல மடங்கு வேகத்தில் இறங்கினார்.

உதடு ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. கிரிசாந்தா கஞ்சி ஊட்ட உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வந்து கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சிரிக்காதடி. எனக்கும் வருது, வலிக்குது."

ஊரில் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. அத்தனை கொட்டு வாங்கியும் தன் காலாலேயே இறங்கி வந்தாரே! அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் கழுதையில் வந்து, தானியக் கொட்டகையில் பாம்பு புகுந்திருப்பதாகச் சொன்னான்.

"அவரு வீட்ல இல்லப்பா," என்றாள் கிரிசாந்தா.

கட்டிலுக்கடியிலிருந்து நபோரும், "ஆமா, இல்ல," என்றார்.