மாப்பிள்ளைக்கு வைத்த மீன்

என் நண்பர் ஒருவருக்கு மீன்பிடியில் ஒரு பிடிவாதம் உண்டு. அன்றைக்குப் பிடிபடும் முதல் மீனை வாளிக்குள் போடமாட்டார். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கணம் கண்ணை மூடி, திரும்பக் கடலுக்குள்ளேயே விட்டுவிடுவார். "இது காணிக்கை மச்சான். குடுத்துப்போட்டுத்தான் வாங்கவேணும்" என்பார். பெரிய ஸ்னாப்பர் என்றாலும் சரி, விரல் மொத்தத்தில் ஒரு முரல் என்றாலும் சரி, முதல் மீன் கடலுக்கு. கேட்டால் அப்பா காட்டித்தந்த வழக்கம் என்பார். அவருடைய அப்பா தபால் கந்தோரில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோகத் தூண்டில் போட்டவர்.

"உங்கட அப்பா கந்தோரிலையும் முதல் முத்திரையைக் கடலுக்கைதான் போட்டவரோ அண்ணை?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது.

நாங்கள் மெல்பேணில் நோபல் பார்க்கில் இருக்கிறோம். நண்பர் இரண்டு தெரு தள்ளி. அவர் பஸ் ஓட்டுகிறார், நான் மரக்கறி பொதிசெய்யும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறேன். சனிக்கிழமை காலையில் காரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் வளைகுடா வந்துவிடும். அங்கே கடலுக்குள் நீளமாக ஒரு மர ஜெற்றி. உள்ளதைச் சொன்னால் நான் போவது மீனுக்காக இல்லை, கதைக்காக. ஒரு மனிதன் தங்கூசி நூலைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது சொல்வதைப்போல, வேறு எங்கேயும் நல்ல கதை சொல்வதில்லை. எங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிரேக்கக் கிழவர் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் இங்கிலீசு எனக்கு விளங்கும், என் இங்கிலீசு அவருக்கு விளங்கும். எங்கள் இரண்டு பேரின் இங்கிலீசும் பிள்ளைகளுக்குத்தான் விளங்காது.

என் மனைவி எங்களோடு வரத் தொடங்கியது தோள்மூட்டால். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. கை காதுக்கு மேலே எழும்பாது. குசினியில் மேல்தட்டில் இருக்கும் பெரிய சட்டியை எடுக்க, "இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ" என்று என்னைக் கூப்பிடவேண்டிய நிலை. நீந்தினால் நல்லது என்று பிசியோ சொன்னார். நீச்சல்குளத்து மருந்துத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல். அப்படித்தான் ஐம்பது தாண்டிய பிறகு என் மனைவி கடலில் இறங்கினாள். ஜெற்றிக்குப் பக்கத்துக் கரையில் சனிக்கிழமைகளில் ஐந்தாறு பெண்கள் நீந்துவார்கள். அதில் சென்னைப் பெண் ஒருத்தி, கம்பியூட்டர் வேலை, என் மனைவியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டுபோனாள். குளிர் தாங்கும் கறுப்பு ரப்பர் உடுப்பை இழுத்துப் போட ஒருத்தருக்கு இருவர் வேண்டும். "கலியாணப் பொம்பிளைக்குக்கூட இவ்வளவு நேரம் உடுத்திவிடுறேல்ல" என்பாள் மனைவி.

இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போவதற்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மிதவை உண்டு. படகுக்காரருக்கு ஆள் தெரியவேண்டும் என்பதற்காக. ஜெற்றியில் இருந்து பார்த்தால் ஆள் தெரியாது, மிதவை தெரியும். நான் தூண்டிலையும் அதையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். குளிர்காலம் முடிவதற்குள் தோள் இளகிவிட்டது. ஒருநாள் வேலையால் வந்தேன், பெரிய சட்டி அடுப்பில் இருந்தது. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சமைத்தபடியே பாடிக்கொண்டிருந்தாள்.

அந்த இளவேனிலில்தான் சீல் வந்தது. கடல்நாய் என்று எழுதுவார்கள், எங்கள் வாயில் அது சீல்தான். நண்பர் தன் முதல் மீனை விட்டார். தூண்டில் தொண்டைவரை போயிருந்ததால் அந்த மீன் நீந்தாமல் மல்லாந்து மிதந்தது. கீழே இருந்து ஒரு கறுத்த, மீசை வைத்த தலை மெதுவாக மேலே வந்து, மீனை வாயில் வாங்கிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது.

நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியே மச்சான்? இவ்வளவு காலம் குடுத்தனான். இண்டைக்குத்தான் கடல் ஆள் அனுப்பி வாங்குது."

அடுத்த சனிக்கிழமையும் அது வந்தது. அதற்கடுத்ததும். உழைக்காமல் வந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகத் தலைகாட்டி, முதல் பங்கு வாங்குகிறபடியால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தோம். கிரேக்கக் கிழவர் மட்டும் ரசிக்கவில்லை. "நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில், இந்த வளைகுடாவில் இதில் ஒன்றைக் கண்டால் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம். இப்போது அவை எங்களைக் கண்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லுகின்றன" என்றார். முந்தி தோலுக்காகக் கொன்றே முடிக்கப் பார்த்தார்களாம். பிறகு சட்டம் வந்து காப்பாற்றியது, மெல்ல மெல்லப் பெருகி, இப்போது வெளிக்கடல் பாறைகளில் படுக்க இடமில்லை. இளசுகள் உள்ளே வருகின்றன. தூண்டிலில் தொங்கும் மீன் அவற்றுக்குக் கடைச் சாப்பாடு. கிழவரின் ஸ்னாப்பரை ஒருநாள் மாப்பிள்ளை பாதிவழியில் பிடுங்கிக்கொண்டு போனது, தலைமட்டும் மேலே வந்தது. கிழவர் அந்தத் தலையைத் தூக்கி நண்பருக்குக் காட்டினார். "உன் மருமகன் மிச்சம் வைத்திருக்கிறான், சூப் வை."

ஜெற்றித் தொடக்கத்தில் ஒரு பலகை உண்டு: சீலுக்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாது. சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்து அதையே வாயாலும் சொல்லிவிட்டுப் போனாள். நண்பர் பணிவாகத் தலையாட்டினார். அவள் போனபின், "அது பிஸ்கற் போடுற சனத்துக்குச் சொன்னது. நான் போடுறது காணிக்கையெல்லோ" என்றார்.

ஒரு சனிக்கிழமை யாருக்கும் மீன் படவில்லை. மாப்பிள்ளை ஜெற்றிக்குக் கீழே இரண்டு மூன்று தரம் வந்து பார்த்தது. குரைத்தது. பிறகு காணவில்லை. நான் திரும்பி நீந்துகிறவர்களின் பக்கம் பார்த்தேன். செம்மஞ்சள் மிதவை ஒன்று பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மிதவை பின்னுக்குப் போகக்கூடாது. அது போன விதத்தில், கயிற்றின் மறுநுனியில் இருந்த ஆளும் இழுபட்டுப் போவது தெரிந்தது.

நான் ஜெற்றி நீளத்துக்கும் ஓடினேன். கரைக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை மிதவையைக் கடித்து, காற்றுப் போக்கி, அது மீன் இல்லை என்று கண்டு விட்டுவிட்டுப் போயிருந்தது. மனைவி மணலில் உட்கார்ந்திருந்தாள். காயம் இல்லை. பற்கள் மட்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன.

"விளையாட வந்தது போல ஆன்ட்டி" என்றாள் சென்னைப் பெண்.

"எனக்கு அதோட விளையாட நேரமில்லைப் பிள்ளை" என்றாள் மனைவி.

அதற்கு அடுத்த கிழமை, தண்ணீருக்கு மேலே யாரோ பெரிய மீன்துடுப்பு ஒன்றைக் கண்டதாகச் சொல்லி ஹெலிகொப்டர் வந்தது. எல்லாரையும் கரைக்கு ஏற்றினார்கள். டொல்பின் என்றார் ஒருவர், சுறா என்றார் இன்னொருவர். சீல் உள்ள இடத்துக்கு வெள்ளைச் சுறா தேடி வரும் என்றார் கிழவர். வளைகுடாவுக்குள் அப்படி வருவது குறைவு என்றார் கரையில் நாயோடு நடந்து வந்த ஒருவர். எதன் துடுப்பு என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் பெண்கள் நீந்தப்போவதை நிறுத்திவிட்டார்கள். "சுறா கடிச்சா என்ன லீவ் தருவீங்கன்னு மேனேஜர்ட்ட கேட்டேன் ஆன்ட்டி. சிக் லீவ்தானாம். அதுக்கெல்லாம் நான் கடி வாங்க மாட்டேன்" என்று சென்னைப் பெண் போனில் சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது. மனைவியும் சிரித்தாள். போனை வைத்தபின் வலது தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

சில கிழமைகள் போனபின், "இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ" என்ற குரல் குசினியில் இருந்து திரும்பவும் வந்தது. நான் போய்ச் சட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நண்பர் எங்கள் வீட்டில் சாப்பாடு. கணவாய்க் கறி. மனைவி அவருக்கு இரண்டாம் தரம் போட்டுவிட்டு, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணை, உங்கட மாப்பிள்ளை சுகமே?"

"ஓம் தங்கச்சி. நல்லாக் கொழுத்திட்டார்."

"கொழுக்கத்தானே வேணும். நீங்கள் சனிக்குச் சனி விருந்து வைக்கிறியள், அவர் என்னையும் கறியெண்டு நினைக்கிறார்."

நண்பர் கையைச் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து எடுத்தார். "அது வழக்கம் தங்கச்சி. நான் சீலுக்குக் குடுக்கேல்ல. கடலுக்குத்தான் குடுக்கிறன்."

"வாங்கிறது ஆர்?"

"சீல் கடலுக்கைதானே இருக்கு."

"சுறாவும் கடலுக்கைதான் இருக்கு. அப்ப நானும் காணிக்கையோ?" குரல் உயரவில்லை. "அண்ணை, எனக்கு நீச்சல் பொழுதுபோக்கில்லை. இந்தக் கை எழும்பாட்டில் நான் வேலைக்குப் போகேலாது, தலைகூடச் சீப்பால இழுக்கேலாது. கடல் இல்லாமல் இது எழும்பாது. சுறா வாறதையும் போறதையும் ஆரும் மறிக்கேலாது, அது அதின்ர வீடு. ஆனால் நீங்கள் பழக்கினதை நீங்கள்தான் மறக்கப்பண்ண வேணும்."

அவர் எழும்பினார். கை கழுவினார். வாசலில் "போட்டு வாறன்" என்று வழக்கமாக மூன்று தரம் சொல்கிறவர், அன்றைக்கு ஒருதரம் மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஜெற்றிக்கு வந்தார், தூண்டில் போடவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. "காணிக்கை குடுக்காமல் பிடிக்க மனம் வரேல்ல மச்சான். குடுக்கவும் மனம் வரேல்ல" என்றார். என் தூண்டில்களுக்கு இரை குத்தித் தந்துகொண்டு இருந்தார். மாப்பிள்ளை கீழே வந்து தலையைத் தூக்கியபோது முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார். மீன் வெட்டிய குடலைத் தண்ணீருக்குள் தள்ளவிடாமல் மற்றவர்களோடும் சண்டை பிடித்தார். கிழவர், "இவன் இப்போது பொலிஸ்" என்றார். ஆனாலும் தன் குடல்களைப் பைக்குள் போட்டுக் கட்டினார்.

மூன்றாவது சனிக்கிழமை நண்பர் தூண்டில் போட்டார். போட்ட கையோடு மீன் பட்டது. இழுத்துப் பார்த்தால் பேத்தை. வயிற்றை ஊதிக்கொண்டு, எவரும் சமைக்காத, நஞ்சுள்ள மீன். அவர் அதைக் கடலுக்குள் விடவில்லை. ஈரத் துணியில் சுற்றிக் காருக்குக் கொண்டுபோனார். நேரே எங்கள் வீட்டு வாசல்.

"இந்தா தங்கச்சி, முதல் மீன். கடலுக்கை இறங்கிற ஆளிட்டைக் குடுத்தாலும் அது கடலுக்குத்தான் போய்ச்சேரும். நான் யோசிச்சு எடுத்த முடிவு."

மனைவி துணியைப் பிரித்துப் பார்த்தாள். "அண்ணை, இது பேத்தை. திண்டால் ஆள் முடிஞ்சுது. சுறா செய்யாததை நீங்கள் செய்யப்போறியளோ?"

"முதல் மீன் எதெண்டு நானோ தீர்மானிக்கிறது?" என்றார் அவர். அன்றைக்குத்தான் அந்த விஷயத்தில் அவருக்கு முதல்தரம் சிரிப்பு வந்தது. மனைவி பேத்தையைத் தேசிமரத்தின் அடியில் ஆழமாகக் குழி வெட்டித் தாட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு முதல் மீனும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாப்பிள்ளை பல கிழமைகள் காத்துப் பார்த்தது, குரைத்துப் பார்த்தது. மெல்ல வரவு குறைந்தது. கோடை முடியும் தறுவாயில் பெண்கள் கூடிப் பேசி, தெளிந்த தண்ணீர் உள்ள காலைகளில் மட்டும், கரையோடு ஒட்டி, எல்லாரும் ஒன்றாக என்று முடிவெடுத்தார்கள். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லை. அதையும் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள் மனைவி.

அவள் திரும்ப இறங்கிய காலை, மாப்பிள்ளையும் வந்திருந்தது. நண்பரின் தூண்டிலில் நல்ல ஸ்னாப்பர் ஒன்று அப்போதுதான் ஏறியிருந்தது, அன்றைய முதல் மீன். கீழே மீசைத் தலை அண்ணாந்து பார்த்தது. நண்பர் மீனைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ராசா, இஞ்ச ஒண்டும் இல்லை. வேலைக்குப் போ."

அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தண்ணீருக்குள் தாண்டது. எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் தூண்டிலை விட்டுவிட்டுப் புது மிதவையையே பார்த்துக்கொண்டு நின்றோம், கிழவரும் கதிரையை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டார். மிதவை முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் நட்டிருந்த மஞ்சள் கம்பம் வரை போய், திரும்பி, அதே வேகத்தில் வந்தது. வலது கை தண்ணீருக்கு மேலே எழும்புவதும் இறங்குவதும் தெரியும் அளவுக்குக் கிட்ட வந்தபோதுதான் நண்பர் மீனை வாளிக்குள் வைத்தார்.