சாம்பல் கோட்டில் விட்டுப்போன கதவு

பூண்டுலோயாக் கடைவீதியில் தையல்கடை வைத்திருக்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், ஒற்றை அறையில். போன வருஷம் சொந்த வீடு கட்டவிருந்த நிலத்தில், சாம்பலால் நானே கோடு போட்டேன். வரிசையாக மூன்று அறைகள். ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒரு வாசல்.

நடந்து பார்க்க மனைவியை அழைத்தேன். அடுப்படிக்கென்று போட்ட கட்டத்தில் நின்றவள், பக்கத்து அறைக்குப் போக வெளியே வந்து சுற்றினாள். நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது.

“ஏங்க, புள்ள அழுதா நான் நனைஞ்சுக்கிட்டுத்தான் ஓடணுமா?” என்றாள்.

ஏன் இப்படிப் போட்டேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பம்; நடுச்சுவரில் கதவு வைக்கலாம் என்பதே தோன்றவில்லை.

இப்போது யார் வீட்டு வரைபடம் காட்டினாலும் உள்கதவுகளைத்தான் முதலில் தேடுகிறேன். எங்கள் வீட்டு உள்கதவுகளுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.