இரு பக்கமும் ஒன்றாகிப்போன லிகண்ட்

அந்தத் தாளை மேசையில் விரித்தேன், மடித்தேன், மறுபடி விரித்தேன். மூலக்கூறின் அமைப்பைக் கோடுகளாகக் காட்டும் என்.எம்.ஆர். சோதனையின் முடிவு அது; வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று வாரம் கழித்து வந்திருந்தது. அளவுகோலில் பத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆல்டிஹைடு கோடு இல்லை. மற்ற கோடுகளும் நான் எதிர்பார்த்ததில் பாதிதான். மூலக்கூறின் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் அப்படி வரும்.

ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் எனக்கு அது ஆராய்ச்சியின் இரண்டாம் ஆண்டு. நான் எடுத்துக்கொண்ட மூலக்கூறில் பிரிடின் வளையத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு ஆல்டிஹைடு. ஒரு பக்கம் ஓர் அமீன், மறுபக்கம் வேறோர் அமீன் என்று சேர்த்தால் தாமிரத்தை இரண்டு விதமாகப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு, அதாவது லிகண்ட், கிடைக்கும்: ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்வு. தளர்ந்த பக்கத்தில்தான் தாமிரம் வினையூக்கியாக வேலை செய்யும் என்று நம்பினேன். இரு பக்கமும் ஒரே அமீன் என்றால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பலரும் செய்துவிட்டார்கள். எனக்கு அது வேண்டாம்.

முதல் அமீனை, மறுபக்க ஆல்டிஹைடு மிஞ்சும்படி, ஐஸில் வைத்த குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டால் இரு பக்கமும் ஏறிவிடும். அன்று பாதி விட்டிருந்தபோது மணி ஐந்து. ஆறு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்குப் போகும் மகாராஜபுரம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மீதியை ஒரேயடியாக ஊற்றிவிட்டு ஓடினேன். மறுநாள் அழகான மஞ்சள் பொடி. உருகுநிலை துல்லியமாக நின்றது, கலப்பில்லாத பொருள் என்பதற்கு அடையாளமாக. "வந்துருச்சு மேடம், சொட்டுச் சொட்டாத்தான் விட்டேன்" என்று என் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் ஆறு மாத அறிக்கையில் எழுதிவிட்டார். இந்தத் தாள் வந்திருக்கிறது; நாளைக்கு என் ஆராய்ச்சியை எடைபோடும் கமிட்டி.

"என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்றாள் ஆய்வகத் தோழி. தாளைக் காட்டினேன்.

"ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டாக்கும்! கமிட்டிக்காரவிய இதையா பாக்கப் போறாவ? செத்த நேரம் கேட்டுட்டு வடையத் தின்னுட்டுப் போயிருவாவ. பொறவு நிதானமா செஞ்சுக்கோ."

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தப்புச் செய்தேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வது போலிருக்கும். வராந்தாவில் நாலு தடவை நடந்தேன். ஆனால் எவரும் செய்யக்கூடிய ஒன்றை என்னுடையது என்று சொல்லிக்கொள்வது அதைவிடக் கேவலமாக இருந்தது. மேடத்தின் அறைக்குள் போனேன்.

"மேடம், அறிக்கையில இருக்கறது தப்பு. பாதிய மொத்தமா ஊத்திட்டேன்."

"ஏன்?"

"பஸ்ஸுக்கு."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "பஸ்ஸுக்கா! காலையில ஆரம்பிக்க வேண்டியதுதானே? சரி, அறிக்கையில அந்தப் பக்கத்தை அடிச்சிரு. கமிட்டியில நீயே சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மறுநாள் சொன்னேன். "அப்போ கையில என்னதாம்மா இருக்கு?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய லிகண்ட், சார். புதுசு இன்னும் வரல."

'முன்னேற்றம் போதவில்லை' என்று எழுதி என் பக்கம் நகர்த்தினார்கள். ஆராய்ச்சிக்கு இன்னும் ஆறு மாதம் கூடும். கையெழுத்துப் போட்டேன். வடை வருவதற்குள் எழுந்து, ஐஸ் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.